பென்சில் வட்டத்துக்குள் வைக்காத விரல்

மகன்,

சுகமாக இருக்கிறோம், நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று உன் அம்மா தொடங்கினாள். அதை வெட்டச் சொன்னேன். கையெழுத்து அவளுடையது, சொல் என்னுடையது. நான் "எண்டு" என்று சொன்னால் அவள் "என்று" எழுதுகிறாள். எட்டாம் வகுப்புவரை போனவள், விட்டுக்கொடுக்கமாட்டாள். நீ அனுப்பிய பத்திரம் போன கிழமை வந்தது. அப்பா விரல் வைக்க வேண்டிய இடம் என்று மூன்று இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறாய். மை வட்டத்துக்கு வெளியே போகக்கூடாது என்று ஒரு துண்டில் எழுதியும் வைத்திருக்கிறாய். காணாமல் போனவரை இறந்தவராகப் பதிவதற்கான விண்ணப்பம் என்று மேலே இருப்பதாக அம்மா வாசித்துக் காட்டினாள். அதன் கீழே உன் தங்கச்சி தர்சினியின் பெயர். நான் விரல் வைக்கமாட்டேன். நீ இழுத்து இழுத்து வாசித்துக் கடைசியில் தெரிந்துகொள்ளத் தேவையில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் மாட்டேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

கல்யாணம் முடிக்கப்போகிற மகனுக்குத் தகப்பன் புத்தி சொல்வது வழக்கம். உனக்கு நான் சொல்லப்போவது ஒன்றுதான். சொல்வதற்கு லேசாக இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லைச் சொல்லாதே. கொக்கட்டிச்சோலையில் பெண் வீட்டில் நாங்கள் வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றி இருந்தபோது, பெண்ணின் தாய்மாமன் மரியாதையாகத்தான் கேட்டார். "தம்பிக்குக் கூடப்பிறந்த ஆக்கள் எத்தின பேர்?" நீ தலையை நிமிர்த்தாமல், "ஒரு தங்கச்சி இருந்தவ, இப்ப இல்ல" என்றாய். "மோசம் போயிட்டாவா?" என்று கேட்டார். "ஓம், யுத்தத்தில" என்றாய். அந்த மனிசன் ஐயோ பாவம் என்று சொல்லி எனக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். வாய்க்குள் போட்ட வெற்றிலையை நான் மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் கேட்டேன், என்னத்துக்கு அப்படிச் சொன்னாய் என்று. "அப்பா, எத்தின வருசத்துக்கு இதை விளங்கப்படுத்துறது? காணாமல் போனவ எண்டா ஆயிரம் கேள்வி. இல்லை எண்டா எல்லாருக்கும் லேசு" என்றாய். உனக்கு லேசு. கேட்டவருக்கும் லேசு. அவளைக் கொண்டுபோனவர்களுக்கு எல்லாரையும் விட லேசு.

நீ கெட்டவன் இல்லை. அவள் வந்தால் திறந்திருக்கட்டும் என்று அம்மா வாசல் படலையைக் கொளுவாமல் வைத்திருப்பதைப் பார்க்க உனக்குத் தாங்கவில்லை, அதற்கொரு முடிவு கட்டலாம் என்று நினைக்கிறாய். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு என்பதால், தர்சினி இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் இந்தக் கல்லடி வீட்டை ஒன்றும் செய்ய ஒண்ணாது என்பதும் எனக்கு விளங்கும். நீ முறைப்படி பெண்சாதி வீட்டுக்குப் போகிறாய், எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்திருக்க ஆசைப்படுகிறாய். அப்பா மாட்டேன் என்றால் அம்மாவின் கையொப்பம் மட்டும் போதும் என்று போனில் சொன்னாயாம். "இதையும் எழுதவா?" என்று கேட்கிறாள். எழுது என்றேன்.

நான் பிள்ளை செத்துவிட்டது என்று பெருவிரல் வைப்பது இது முதல் தரம் என்றால் ஒருவேளை யோசித்திருப்பேன். முதல் தரம் உனக்கு வைத்தேன். அது உனக்குத் தெரியும். ஆனால் நீ அரைவாசிதான் தெரிந்துகொண்டிருக்கிறாய்.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலையில் நான் வாவியில் வலை இழுத்துக்கொண்டிருந்தேன், நீ கடற்கரையில் பந்தடித்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பதினைந்து வயது, தர்சினிக்குப் பதின்மூன்று. சுனாமி என்ற பேர் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. கடல் கல்லடியைத் தாண்டி வாவிக்குள் விழுந்தது. அம்மாவும் தர்சினியும் கோயில் மதிலில் ஏறித் தப்பினார்கள். உன்னைக் காணவில்லை. மூன்றாம் நாள் காத்தான்குடி ஆதம்பாவா, என்னிடம் இறால் எடுக்கிற அந்த மனிசன், நெஞ்சு வரை சேறோடு என்னைத் தேடி வந்தார். அவர்களின் ஊரிலும் நூறு பிரேதம், அவர்கள் சொல்கிறபடி மையித்து, கிடந்தது. என்னைத் தனியே இழுத்து, "ஒங்கட புள்ள எங்கட ஊட்டுல இரிக்கான், அழாதீங்க, சத்தம் போடாதீங்க" என்றார். போய்ப் பார்த்தேன். தலையில் துணி சுற்றி, அவருடைய சாரனை உடுத்திக்கொண்டு, அவருடைய பெண்சாதி ஊட்டிவிட்ட கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாய். அந்தக் கஞ்சிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

கடல் வருவதற்கு முந்திய மாதங்களில் துவக்கோடு இயக்கத்துப் பெடியன்கள் இரண்டு தரம் எங்கள் வாசலுக்கு வந்திருந்தார்கள். வீட்டுக்கு ஓராள் வேணும் என்றார்கள். மகனுக்கு என்ன வயது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். அடுத்த தரம் கேட்கவரமாட்டார்கள், கூட்டிப்போகத்தான் வருவார்கள் என்று ஊருக்கே தெரியும். நான் அகதி முகாமுக்குக் கிறுகித் திரும்பி வந்தேன். பள்ளிக்கூட மேசை ஒன்றில் ஊர்ப் பதிவு பார்க்கிற விதானை செத்தவர்களின் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். "உங்கட வீட்டில?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். மைப்பெட்டியை நீட்டினார். நீ கஞ்சி குடித்ததைப் பார்த்த கண் காயுமுன்னமே உன்னைச் சாகக்கொடுத்தேன். தமிழ்ப் பிள்ளையை அந்த நாளில் முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் யாரும் தேடமாட்டார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் அவ்வளவு இரத்தம் ஓடியிருந்தது. அதுதான் உனக்கு வேலியாக இருந்தது.

அம்மாவுக்கும் சொல்லவில்லை. முகாமில் நடந்த செத்த வீட்டுக்கு அந்தப் பெடியன்களும் வந்து பள்ளிக்கூட வாங்குப் பலகையில் இருந்தார்கள். வெறும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு அவள் அழுவதைப் பார்த்தார்கள். பொய்யாக அழுதிருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள். முப்பத்தொரு நாளும் அவளை உண்மையாக அழவிட்டேன். அந்தியேட்டிக் கிரியை முடிந்த பின்னேரம்தான் காதுக்குள் சொன்னேன். அகப்பை முறியும்வரை அடித்தாள். "இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்" என்று இப்போதும் சொல்கிறாள். எழுதிக்கொண்டே சொல்கிறாள்.

பிறகு, கல்லடிக்குத் திரும்பும்வரை, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் அம்மாவின் ஆட்களுடைய வளவில் ஒரு கொட்டில் கட்டிக்கொண்டு இருந்தோம். முன்னுக்கு வயல் வட்டை, பின்னுக்குக் குளம். வேறு போக்கிடம் இருக்கவில்லை. மாதத்தில் ஒருநாள் அம்மா சீலை வாங்கப் போவதாகச் சொல்லி, துறையில் ஓடம் ஏறிக் காத்தான்குடிக்கு வந்து உன்னைப் பார்ப்பாள். தர்சினிக்கு ஒன்றும் சொல்லவில்லை. சின்னப்பிள்ளை, வாய் தவறிவிடும் என்று பயம். அவளோ எங்கள் எல்லாரையும் விடக் கெட்டிக்காரி. ஒருநாள் நான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து குந்தினாள். "அப்பா, அண்ணனைத் தேடி நீங்க ஏன் ஒருநாளும் கடக்கரைக்குப் போகல்ல?" என்று கேட்டாள். போனேன் என்றேன். "இல்ல. புள்ளைகளப் பறிகுடுத்த ஆக்கள் எல்லாம் இன்னும் போறாங்க. ஒரு செருப்பு ஒதுங்கினாலும் தூக்கிப் பாக்கிறாங்க. நீங்க முகாமிலயும் போகல்ல, இப்பயும் போகல்ல." நான் குனிந்து நூலைக் கடித்தேன். அவள் என் முகத்தை நல்லாகப் பார்த்துவிட்டு எழும்பிப் போனாள். மறுகா ஒருநாளும் அதைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அடுத்த தரம் அம்மா துறைக்குப் புறப்பட்டபோது பைக்குள் இரண்டு கொய்யாப்பழம் இருந்தது. நல்ல செங்காய், நீ உப்புத் தொட்டுத் தின்கிற பருவம். அம்மாவுக்குக் கேட்காமல், ஆருக்குடி என்று தர்சினியிடம் கேட்டேன். "அம்மாக்கு வழியில பசிக்கும்" என்றாள். உன் அம்மாவுக்குக் கொய்யாப்பழம் கண்ணில் காட்ட ஒண்ணாது என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மாதான் பிடுங்கிக்கொண்டு வந்தாள் என்று நினைத்து நீ தின்றாய். ஒவ்வொரு மாதமும் தின்றாய்.

இதற்குமேல் சொல்லப்போவதை உன் அம்மாவும் இன்றுவரை கேட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தர்சினியைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று உங்கள் இரண்டு பேருக்கும் சொன்னவன் நான். அது பொய். அவளை வழியில் பிடிக்கவில்லை. எங்கள் வாசலில் வைத்து, நான் பார்த்துக்கொண்டு நிற்கக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த வரியோடு உன் அம்மா பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். இரண்டு நாள் கடதாசி மேசையில் கிடந்தது. சோறு போட்டாள், கோப்பையை வைத்தாள், போனாள். இன்று காலையில் வந்து எதிரில் இருந்தாள். "சொல்லுங்க" என்றாள். கோபம் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. அதுக்கும் எழுதுறத்துக்கும் சம்பந்தமில்ல. ஒண்டையும் விடாமச் சொல்லுங்க."

அன்றைக்கு அம்மா உன்னிடம் வந்திருந்தாள். மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பெடியன்கள், கொப்பியோடு ஒரு பெட்டை. ஒருத்தனை எனக்குத் தெரியும், சின்னனில் என் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நீந்தப் பழகினவன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தான். கொப்பிக்காரிதான் கேட்டாள். "வீட்டில எத்தின பேர்?" மூன்று என்றேன். "மகன்?" கடல் எடுத்துவிட்டது என்றேன். கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "ஓம், பட்டியல்ல இருக்கு" என்றாள். மறுகா, மண்ணெண்ணெய்க் கடையில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, "அப்ப மகள்தான்" என்றாள். தர்சினி கிணற்றடியில் பள்ளிக்கூடச் சட்டையைத் தோய்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் கேட்டது அவளுக்கு. ஈரச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

என் மகன் உயிரோடு இருக்கிறான், காத்தான்குடியில் இன்னார் வீட்டில் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளை விட்டிருப்பார்கள். அவள் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொல்லாமல் நின்றேன், வாயடைத்துப் போய் நிற்கவில்லை. அவள் கிணற்றுக் கட்டைத் தாண்டி வந்து அந்தக் கொப்பிக்காரியிடம் சொன்னாள். "அண்ணன் இல்ல அக்கா. நான் வாறன், உடுப்பு மாத்தணும்." உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது, "அம்மாட்ட ரோட்டில வச்சுப் புடிச்சிட்டாங்க எண்டு சொல்லுங்க" என்று மெல்லமாகச் சொன்னாள். பொய்யும் அவள் கட்டிக்கொடுத்த பொய்தான். பதினைந்து வயது.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்று அம்மா இப்போது கேட்கிறாள். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நான் திருப்பிக் கேட்டேன். "அவங்கட முகாமுக்குப் போயிருப்பன். மகன் இருக்கான், அவன எடுத்துக்கொண்டு இவள விடுங்க எண்டு கத்தியிருப்பன்" என்றாள். மறுகா, "கத்தியிருப்பனா, எனக்குத் தெரியா" என்றாள். இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டேன் என்கிறாள். ஆகவே நீயும் தெரிந்துகொள், மகனே. அந்த வீட்டில் உன்னைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடியவர்கள் மூன்று பேர் இருந்தோம். அதில் ஒருத்திக்குத்தான் காட்டிக்கொடுத்தால் தான் தப்பலாம் என்று இருந்தது. அவள்தான் வாயை மூடிக்கொண்டு போனாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க நான் இதைச் சொல்லவில்லை. உன்னை ஒளித்தது பிழை என்று எந்தக் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டாலும் சொல்லமாட்டேன். திரும்ப அந்த மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும் உன் பெயரைச் சொல்வேன். என் பிழை வேறு. இரண்டு பிள்ளையையும் அல்லவா கடல் எடுத்தது என்று சொல்லியிருக்க வேண்டும். விதானை கேட்டபோது ஒரு பெயரோடு நிறுத்திவிட்டேன். பெண்பிள்ளைதானே, சின்னன்தானே, இவளை என்ன செய்யப்போகிறார்கள் என்று நினைத்தேன். பிள்ளைகளில் பெரியது சிறியது, ஆண் பெண் என்று பிரித்து நினைத்த அந்த ஒரு நினைப்புக்குத்தான் இத்தனை வருடமும் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். எதையாவது பார்த்துப் பயந்து ஒன்றை ஒளிக்க வேண்டி வந்தால், எல்லாவற்றையும் சேர்த்து ஒளி.

அவள் செத்துவிட்டாள் என்று உனக்கு யார் சொன்னது? சண்டை முடிந்து கனகாலத்துக்குப் பிறகு, தர்சினியோடு இருந்து, தடுப்பு முகாமால் விடுதலையாகி வந்த ஒரு பிள்ளையைத் தேடி வாகரைப் பக்கம் போனேன், உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் சொன்னதை ஒன்றும் கூட்டாமல் சொல்கிறேன். வன்னியில் கடைசி நாளில் சனங்களோடு சனமாகத் தண்ணிக்குள்ளால் நடந்து வந்தார்கள். தர்சினிக்கு இடது கால் நொண்டல். தாய் செத்த ஒரு குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஆமிக்காரர் பெயர் பதிந்தார்கள். தர்சினியும் பெயர் சொன்னாள், தகப்பன் பெயர் சொன்னாள், கல்லடி என்று ஊர் சொன்னாள். குழந்தையை வாங்கி வேறொரு மனிசியிடம் கொடுத்துவிட்டு இவளை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னல் பக்கம் இருந்தாள். பஸ் போனது. இவ்வளவுதான். அந்தப் பிள்ளை என்னிடம் எதையும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை, தேத்தண்ணிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பதிவுக் கொப்பி வைத்திருந்தவர்கள் அவர்கள். பஸ் ஓட்டினது அவர்களுடைய ஆள். அந்த பஸ் எங்கே போய் நின்றது என்று சொல்ல வேண்டியவர்கள் என்னிடம் வந்து, "ஐயா, இதில விரல் வச்சா மரணச் சான்றிதழ் தருவோம், அலுவல் முடிஞ்சிரும்" என்கிறார்கள். ஏன் நான் முடிக்க வேண்டும்? பஸ்ஸில் ஏறின பிள்ளையை நான் ஏன் சாகக்கொடுக்க வேண்டும்? உன்னைப் பட்டியலில் போட்டபோது அது உன்னைக் காப்பாற்றின பொய். இப்போது நீ கேட்கிற பொய் அவளை ஏற்றிக்கொண்டு போனவனைக் காப்பாற்றுகிற பொய். வித்தியாசம் உனக்கு விளங்காவிட்டால் உன்னைத் தன் வீட்டில் வைத்துப் படிப்பித்த ஆதம்பாவாவிடம் போய்க் கேள். அவர் விளங்கப்படுத்துவார்.

திங்கட்கிழமை நான் மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குப் போகிறேன், நீ அனுப்பின பத்திரத்துக்கு இல்லை. சண்டை முடிந்தபிறகு நீ பிறப்புப் பத்திரத்தைக் காட்டி அடையாள அட்டை எடுத்தாய், சுனாமிப் பட்டியலை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. அதில் நீ இன்னும் செத்துத்தான் கிடக்கிறாய். அந்தப் பட்டியலை எடுக்கச் சொல்லப்போகிறேன். இந்த விரலடையாளம் என்னுடையது, இது பொய், அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறான், அடுத்த மாதம் கல்யாணம் என்று சொல்லப்போகிறேன். பிள்ளை செத்தது என்று நான் வைத்த அடையாளம் பொய்யாகப் போனதை அவர்கள் தங்கள் கையாலேயே எழுதட்டும். இனிமேல் என் விரலை வாங்கிக்கொண்டு எந்தப் பிள்ளையின் கணக்கையும் முடிக்க அவர்களுக்கு முகம் இருக்கக்கூடாது. மறியலில் அடைப்பதென்றால் அடைக்கட்டும். இந்த வயதில் எனக்கு அங்கேயும் மூன்று நேரச் சோறு.

உன் கல்யாணத்துக்கு நான் வருவேன். மூத்தவர்கள் யாராவது கேட்டால் எனக்கு இரண்டு பிள்ளைகள், மகள் இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்வேன். அது உன் பெண்சாதி வீட்டாருக்குச் சங்கடமாக இருக்கும் என்றால் இப்போதே சொல்லிவிடு, நான் வராமல் நிற்கிறேன். அங்கே வந்து வெற்றிலையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு இருக்க இன்னொரு தரம் என்னால் ஏலாது.

அவ்வளவுதான் நான் சொல்ல இருந்தது.

மகன், இது அம்மா. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் விடவில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை. நீ அனுப்பின பத்திரம் வந்த அன்றே, அவர் வாவிக்குப் போயிருந்த நேரம் அதன் அடியில் என் ஒப்பத்தை வைத்துவிட்டேன். அவருக்கு வாசிக்கத் தெரியாதபடியால் அது அவர் கண்ணுக்கு முன்னால் கிடந்தும் தெரியவில்லை. எனக்கு வயது போகிறது, அழுது முடிக்க ஒரு நாள் வேண்டும் என்று நினைத்தேன். கொய்யாப்பழம் பைக்குள் எப்படி வந்தது என்று எனக்கு அப்போது தெரியாது, பக்கத்து வளவு மரத்தில் இருந்து யாரோ போட்டது என்று இருந்தேன். இன்று காலையில் பத்திரத்தைக் கிழித்துவிட்டுத்தான் எழுத வந்து இருந்தேன். என் ஒப்பம் இருந்த துண்டை இதோடு வைத்திருக்கிறேன், நீயே எரித்துவிடு.

திங்கட்கிழமை நானும் அவரோடு போகிறேன். எதன் கீழே விரல் வைக்கிறார் என்று இனி நான் வாசித்துப் பார்த்துத்தான் விடுவேன். நீ வருவதாக இருந்தால் ஒன்பது மணிக்குக் கச்சேரி வாசலில் நில். அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு வா. நீ உயிரோடு இருப்பதற்கு அவர்கள் அத்தாட்சி கேட்பார்கள்.